வாடிய இலை

கண்டக்டரம்மா தன் கையால் போட்ட தழையைத் தின்றுதான் அவளுடைய ஆடுகள் செத்தன. அடுப்பில் வைத்த தேநீர் பொங்கி வழிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சுற்றி வளைத்துச் சொன்னாலும் நடந்தது மாறப்போவதில்லை. அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அந்தப் பெயர் அவளுக்குப் பேருந்தில் வந்தது. பாதி ஆயுளை இரண்டு வரிசை இருக்கைகளுக்கு நடுவில் நின்றே கழித்தவள். குரல் என்றால் அப்படியொரு குரல். பின் படிக்கட்டில் நின்று அவள் "உள்ள போங்க" என்றால், முன் படிக்கட்டில் தொங்குகிறவன் உள்ளே போவான். டிக்கெட் வாங்காமல் தூங்குவதுபோல் நடிப்பவர்கள், அவள் தொண்டையைக் கனைத்ததுமே விழித்துக்கொண்டு சட்டைப்பையைத் தடவுவார்கள். அதே வண்டியை ஓட்டியவர்தான் அவள் கணவர். வாயிலிருந்து வார்த்தையை நெம்புகோல் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டியதைக்கூட ஹாரனில் சொல்லிவிடுவார் என்று டிப்போவில் கிண்டல் செய்வார்கள். கல்யாணமாகி, ஒரு மகளைப் பெற்று, அவளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அவள் அவரை "டிரைவர்" என்றுதான் கூப்பிட்டாள். அவர் அவளைக் "கண்டக்டர்" என்றார்.

அவளுக்கு முழங்கால் தேய்ந்தது. அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. இருவரும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கினார்கள். ஒரு ஓட்டு வீடு, ஒரு கொட்டகை, ஒரு பம்பு செட், வாசலிலிருந்து சாலைவரை ஒரு மண் பாதை. மாடும் ஆடும் அவள் பொறுப்பு. பாதையின் இரு பக்கமும் அவர் பொறுப்பு. அங்கே அவர் வரிசையாக அலங்காரச் செர்ரி மரங்களை வைத்தார். பழத்துக்கான சாதி இல்லை, பூவுக்கான சாதி. பருவம் வந்தால் ஒரு இலைகூடத் தெரியாமல் ரோஜா நிறத்தில் பூத்துத் தள்ளும். "பூத்து என்ன பிரயோசனம், காய்க்க வேண்டாமா?" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வருஷம் தவறாமல் கேட்பார். டிரைவர் பதில் சொல்ல மாட்டார். ஒருமுறை மட்டும் கண்டக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறார், வாழ்நாள் முழுக்கத் தாரையே பார்த்து ஓட்டியாயிற்று, இனி கொஞ்சம் பூவைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம் என்று.

அவளுடைய கொட்டகை இன்னொரு பேருந்து. எப்போதும் சன்னலை ஒட்டியே நிற்கும் பெரிய பசுவுக்கு ஜன்னலோரம் என்று பெயர். அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் தினமும் சமையலறை வாசலுக்கு வந்து நிற்கும் இன்னொரு பசு, சீசன் டிக்கெட். அதன் கிடாரிக் கன்று, அரை டிக்கெட். ஆடுகளுக்குத் தனித்தனிப் பெயர் இல்லை, மொத்தமாகச் சில்லறை. சாயங்காலம் அவற்றை உள்ளே விடும்போது, "முன்னாடி இடம் இருக்கு, போங்க, படிக்கட்டுல நிக்காதீங்க" என்று அவள் போடும் சத்தம் சாலையில் போகிறவர்களுக்குக் கேட்கும். சிரித்துக்கொண்டே போவார்கள்.

அந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளந்தது. பம்பு செட்டில் தண்ணீர் நூலாக இறங்கியது. வயல்வரப்பில் புல் என்ற பேச்சே இல்லை. காலால் மிதித்தால் மண்ணோடு நொறுங்கியது. கண்டக்டரம்மா விடிவதற்கு முன்பே எழுந்து, வெயில் ஏறுவதற்குள் மாடுகளுக்குத் தீனி வைத்து முடிப்பாள். கொட்டகைக் கூரையில் பழைய சாக்குகளை விரித்து, உச்சி வேளையில் அவற்றை நனைப்பாள். தண்ணீர்த் தொட்டியை நிழல் நகர நகர நகர்த்துவாள். நகர்த்த முடியாதபடி முழங்கால் பிடித்துக்கொண்டால் டிரைவரைக் கூப்பிடுவாள். ஜன்னலோரத்துக்கு மூச்சு வாங்கும்போது நெற்றியிலும் கழுத்திலும் ஈரத்துணியால் ஒற்றியெடுப்பாள். பசுந்தீவனம் கொண்டு வரும் வண்டி வரவில்லை. காய்ந்த வைக்கோலைத் தின்று தின்று மாடுகளுக்கு வாயே மரத்துப்போயிருந்தது. தொட்டியில் வைக்கோலைப் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் மதியம், காற்று ஒரு பொட்டுகூட அசையாத நேரத்தில், பாதையோரம் படாரென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கொட்டகைக்குப் பக்கத்திலிருந்த செர்ரி மரத்தின் பெரிய கிளை தானாகவே பிளந்து, பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் மரத்துக்கும் மூர்ச்சை வரும்போலிருக்கிறது என்றார் டிரைவர். அவர் முகம் சுண்டிவிட்டது. அன்றைக்கு ஏணி வைத்து ஏறத் தெம்பில்லை. மறுநாள் காலையில்தான் ஏறி, அந்தக் கிளையை அறுத்துக் கீழே தள்ளினார். கூடவே காய்ந்துபோன வேறு சில கொம்புகளையும் கழித்துவிட்டார். எல்லாம் கொட்டகை ஓரமாகக் குவிந்து கிடந்தது. முதல் நாளே பிளந்த கிளை. இலைகள் உதிரவில்லை, துவண்டு தொங்கின. பிழிந்து போட்ட துணிபோல மெத்தென்று இருந்தன.

வேலிக்குள்ளிருந்து ஆடுகள் கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தின. கண்டக்டரம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"டிரைவர், இத இப்படியே காயவிடப் போறீங்களா? வாயில்லா ஜீவனுங்க நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்குதுங்க."

அவர் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். "போடணும்னா போடு," என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அந்த மரத்து இலையை ஆடுகள் தின்று அவள் பார்த்திருக்கிறாள். பாதையில் போகும்போது தாழ்ந்த கொப்பிலிருந்து ஒரு வாய், இரண்டு வாய் பிடுங்கும். ஒன்றும் ஆனதில்லை. அவள் கிளைகளை இழுத்து வேலிக்குள் போட்டாள். சில்லறை மொத்தமும் பாய்ந்து விழுந்தது. பிறகு மாட்டுத் தொட்டியில் இரண்டு கை அள்ளிப் போட்டாள். அரை டிக்கெட்டும் முகத்தை நீட்டியது. பெரிய மாடுகள் இரண்டும் அதை முட்டித் தள்ளிவிட்டன. "வரிசைல வாங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு," என்று அவள் சத்தம் போட்டாள். ஜன்னலோரத்துக்கு மட்டும் ஒரு கொத்தைக் கையில் பிடித்து ஊட்டினாள். அது கண்ணை மூடிக்கொண்டு மென்றது. இத்தனை நாள் கழித்து வாய்க்குப் பிடித்த ஒன்று கிடைத்ததே என்று அவளுக்கு மனசு குளிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு தேநீர் வைக்க உள்ளே போனாள்.

முதலில் ஆடுகளின் சத்தம் நின்றது. அவள் அதைக் கவனித்தாள். வயிறு நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். பிறகு மூட்டையைத் தள்ளியதுபோல ஒரு சத்தம். இன்னொன்று. டிரைவர் "கண்டக்டர்" என்று கூப்பிட்டார். முப்பது வருஷத்தில் அவர் அப்படிக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை.

வேலிக்குள் ஆடுகள் பக்கவாட்டில் கிடந்தன. சிலதின் கால்கள் ஓடுவதுபோல் காற்றை உதைத்துக்கொண்டிருந்தன. வாயைத் திறந்து திறந்து மூச்சைத் தேடின. நடுவில் ஒன்று எழுந்து நின்று, நான்கு காலும் நான்கு பக்கம் போக, அப்படியே மடிந்து உட்கார்ந்தது. கண்டக்டரம்மா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது அவள் மடியிலேயே விறைத்தது. வாயில் இன்னும் மெல்லாத ஒரு இலை இருந்தது. அவள் அந்த இலையை விரலால் எடுத்தாள். எடுத்துவிட்டுப் பார்த்தாள். அப்போதும் அவளுக்குப் புரியவில்லை. வெயில் அடித்துவிட்டது என்றே நினைத்தாள். தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள், தலையில் ஊற்றினாள், சாக்கை நனைத்துப் போர்த்தினாள். செத்த ஆட்டின்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

அவர்களுடைய அதிர்ஷ்டம், மாட்டு டாக்டர் இரண்டு தோட்டம் தள்ளி, கோழிப்பண்ணையில் இருந்தாள். வெயிலில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் சாவதைப் பார்க்க வந்திருந்தாள். டிரைவர் போனில் சொன்னது ஒரே வாக்கியம். டாக்டர் பைக்கைப் படுக்கப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஆட்டின் உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறு வெளுத்திருக்கும் என்று கண்டக்டரம்மா எதிர்பார்த்தாள். ஈறு பழுத்த தக்காளிபோல் சிவந்திருந்தது. டாக்டர் திரும்பி, குவிந்து கிடந்த கிளைகளைப் பார்த்தாள்.

"அக்கா, இதயா போட்டீங்க?"

அவள் தலையாட்டினாள்.

"மாட்டுக்கும்?"

அப்போதுதான் கொட்டகைக்குள் ஜன்னலோரம் விழுந்தது. விழும்போது தொட்டியையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு விழுந்தது. சீசன் டிக்கெட் நின்றபடியே நடுங்கிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து நுரை ஒழுகியது. டாக்டர் பையைத் திறந்தாள். மருந்து ஒரு மாட்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது. இரண்டு மாடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கண்டக்டரம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது. டாக்டர் நின்றுகொண்டிருந்த மாட்டின் கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றினாள். விரட்டாதீர்கள், பதறவிடாதீர்கள், அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள். டிரைவர் சீசன் டிக்கெட்டின் தலையை அணைத்துப் பிடித்துக்கொண்டார். கண்டக்டரம்மா ஜன்னலோரத்தின் பக்கத்தில் மண்டியிட்டாள். முழங்கால் வலி தெரியவில்லை. அது ஒருமுறை அடித்தொண்டையில் கத்தியது. சற்று முன் அவள் கையிலிருந்து மென்ற அதே வாய். பிறகு சன்னல் பக்கமாகவே தலையைச் சாய்த்துக்கொண்டது.

தேநீர் பொங்கி, வழிந்து, அடுப்பு அணைந்து, சமையலறை முழுக்கக் கருகல் நாற்றம் அடித்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

சீசன் டிக்கெட்டின் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. மூச்சு சீரானதும் டாக்டர் அதன் விலாவில் கையை வைத்தபடியே விளக்கினாள். மழை பொய்த்த வருஷத்தில் இளம் சோளத்தட்டைத் தின்று மாடு சாகிறதே, அதே விஷம்தான். இந்தச் சாதி மரத்தில் இலைக்குள் அது ஒளிந்திருக்கிறது. பச்சையில் ஓரிரு வாய் கடித்தால் உடம்பு தாங்கிக்கொள்ளும். கிளை ஒடிந்து, இலை வாட ஆரம்பித்தால் விஷம் வெளியே வந்துவிடும். அதிலும் வெறும் வயிற்றில், ஆசை ஆசையாய் அள்ளித் தின்றால் பிழைப்பது கஷ்டம்.

"இது உங்க தப்பு இல்லக்கா. நெறைய பேருக்குத் தெரியாது," என்றாள்.

கண்டக்டரம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றாள். தொண்டையில் ஒன்றும் இல்லை.

நீரில்லாமல் வறண்டிருக்கும் என்று தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தாள். குரல் வரவில்லை. அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அதிர்ச்சி, தானாக வரும் என்று அனுப்பிவிட்டார்கள்.

செத்தவற்றைப் புதைக்க வேண்டும். ஆட்டுக்கறிக்கு விலை பேச ஒருவன் வாசலுக்கு வந்தான். டிரைவர் அவன் முகத்துக்கு நேரே கேட்டைச் சாத்தினார். குழி தோண்டும் இயந்திரத்தைக் கூட்டிவந்தது பக்கத்துத் தோட்டத்துக்காரர். "காய்க்க வேண்டாமா" என்று வருஷா வருஷம் கேட்ட மனிதர், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. குழி மூடும்வரை நின்று, தானும் மண்வெட்டி பிடித்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் போனார்.

மற்றவர்கள் பேசினார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த இலை விஷம் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஒருத்திக்கு அவள் மாமியார் சொல்லியிருந்தாளாம். இன்னொருவருக்கு மரத்தைப் பார்த்ததுமே ஏதோ தோன்றியதாம். கண்டக்டரம்மா அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இத்தனை வருஷம் இந்தப் பாதையில் நடந்தீர்களே, மாடு அந்த மரத்தடியில் நின்றதைப் பார்த்தீர்களே, தெரிந்த வாய் ஏன் திறக்கவில்லை? குரல் இருந்திருந்தால் கேட்டிருப்பாள். எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

புருஷன் பெண்டாட்டி சண்டையில் ஆளுக்கு ஆள் பழியைத் தள்ளிவிடுவதைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. அந்த வீட்டில் பழியைப் பிடுங்கிக்கொள்ளும் சண்டை நடந்தது. நான்தானே நட்டேன், நான்தானே வெட்டினேன் என்றார் டிரைவர். அவள் தன் மார்பில் தட்டி, கையை நீட்டி, ஊட்டுவதுபோல் காட்டினாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவள் மறுபடி காட்டினாள். பேசாத மனிதர் நிறுத்தாமல் பேசுவதும், நிறுத்தாமல் பேசியவள் கையை ஆட்டுவதுமாக வீடு தலைகீழாகிக் கிடந்தது.

மகள் போன் செய்தாள். அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, போனை அம்மா காதில் வைத்தார்.

"அம்மா, நீ ஒண்ணும் பேச வேண்டாம். கேட்டுட்டு இருக்கியான்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

கண்டக்டரம்மா ஆணியில் தொங்கிய பழைய விசிலை எடுத்து, மெதுவாக ஒருமுறை ஊதினாள். அந்தப் பக்கம் மகள் அழுதுவிட்டாள். இந்தப் பக்கம் இவளுக்கு அழுகை வரவில்லை. நடந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியது. எனக்கென்ன கல் மனசா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கொட்டகைக்குப் போனால் கால் தானாகவே சன்னல் பக்கம் திரும்பும். அங்கே ஈரத்துணி கொடியில் காய்ந்து கிடந்தது. சீசன் டிக்கெட் பால் சுரப்பதை நிறுத்திவிட்டது. சமையலறை வாசலுக்கும் வருவதில்லை. அவள் கையில் எதை நீட்டினாலும் அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் போன பிறகு, தரையில் கிடந்தால் தின்றது. மாட்டுக்கு என்ன தெரியும் என்று டிரைவர் சமாதானம் சொன்னார். அதற்குத் தெரிந்திருக்கிறது என்றே அவளுக்குப் பட்டது.

ஒரு காலையில் அவள் விழித்தபோது கோடரிச் சத்தம் கேட்டது. கிளை ஒடிந்த மரம் பாதையில் விழுந்து கிடந்தது. டிரைவர் அடுத்த மரத்துக்குப் போயிருந்தார். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கண்டக்டரம்மா போய் அவருக்கும் மரத்துக்கும் நடுவில் நின்றாள். அவர் விலகச் சொன்னார். அவள் விலகவில்லை. இந்த மரங்களை இனிப் பார்க்க முடியாது என்றார். அவளும் அவற்றைப் பார்க்காமல்தான் இருந்தாள். சாலைக்குப் போனால் தரையைப் பார்த்தே நடந்தாள். ஆனாலும் அவர் கையிலிருந்த கோடரியைப் பிடித்தாள்.

"போதும் டிரைவர்," என்றாள்.

துருப்பிடித்த கீல் திறப்பதுபோல் இருந்தது அந்தக் குரல். இருவரும் திடுக்கிட்டார்கள். கோடரி எந்தக் கையிலிருந்து நழுவியது என்று தெரியவில்லை. அவள் அங்கேயே, வெட்டுப்பட்ட மரத்தின் மேல் உட்கார்ந்து, அடக்கி வைத்த அத்தனையையும் அழுது தீர்த்தாள். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் அவள் காலடியில் சிதறியிருந்த இலைகளைப் பொறுக்கிக் கையில் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

மற்ற மரங்கள் நிற்கின்றன. பாதையின் இரு பக்கமும் கம்பி வேலி போட்டு, கொட்டகையின் வாசலை எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டார்கள். வெட்டிய மரத்தைப் பட்டை, இலை, சுள்ளி எதுவும் மிச்சமில்லாமல் டிரைவர் எரித்தார். கண்டக்டரம்மாவின் குரல் முழுதாகத் திரும்பவில்லை. கரகரவென்று, கிழிந்த ஸ்பீக்கர்போல் வருகிறது. அந்தக் குரலோடு அவள் பேருந்து நிறுத்தத்தில் நின்று, பூமரம் வைத்திருப்பவர் யார், பக்கத்தில் ஆடு மாடு யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுச் சொல்கிறாள். தெரியும் என்று சொல்பவர்களை அவள் விடுவதில்லை. தெரிந்தால் இன்னும் எத்தனை பேரிடம் சொன்னீர்கள் என்று கேட்கிறாள். சிலர் அவளைக் கண்டால் சாலையின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள்.

மழை வந்து புல் முளைத்தது. புதிதாக ஆடு வாங்கலாமா என்று டிரைவர் கேட்டதற்கு, அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. அரை டிக்கெட் வளர்ந்துவிட்டது. இப்போது அதற்கு முழு டிக்கெட்தான் என்கிறார் டிரைவர். போன வாரம் அவள் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ புடவை முந்தானையை இழுத்தார்கள். திரும்பினால் சீசன் டிக்கெட். அவள் இடுப்பில் செருகியிருந்த புல் கொத்திலிருந்து ஒரு வாய் பிடுங்கி, அங்கேயே நின்று மென்றுகொண்டிருந்தது. அவள் துடைப்பத்தைப் பிடித்தபடி, அது மென்று, விழுங்கி, சீராக மூச்சு விட்டு, காதை ஆட்டும்வரை, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.